அத்திபெலேயிலிருந்து பனிமலைக்கு



மார்கழி மாதத்து விடியற்காலையில் அத்திபெலேயின் நெடுஞ்சாலை ஓரம் சற்று நேரம் நின்றிருக்கிறீர்களா? கர்நாடகமும் தமிழ்நாடும் கைகோத்து நிற்கும் எல்லை அது. தெற்கே ஓசூர், வடக்கே பெங்களூரு. மூடுபனிக்குள்ளிருந்து லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக விளக்கெரிய வெளிப்படும். தேநீர்க் கடையின் முன் கன்னடமும் தமிழும் கலந்து ஒலிக்கும். தொழிற்பேட்டையில் முதல் முறை வேலைக்குச் செல்லும் நம்மவர்கள் காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ‘என்ன குளிர்!’ என்று கைகளைத் தேய்த்துக்கொள்வார்கள். வெப்பமானியைப் பார்த்தால் பதினான்கு அல்லது பதினைந்து டிகிரி இருக்கும்.

இந்தச் சாலைக்கு எண் 44. நாட்டின் நெடுஞ்சாலைகளுக்கு 2010-ஆம் ஆண்டில் புதிய எண்கள் வகுக்கப்படும் முன்னர், இப்பகுதிக்கு எண் 7. இன்றோ, தெற்கே கன்னியாகுமரியையும் வடக்கே ஸ்ரீநகரையும் இணைத்து, மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரே நெடுஞ்சாலையின் ஓர் அங்கமாக அது விளங்குகிறது. ‘குமரி முதல் இமயம் வரை’ என்று நாம் மேடைகளில் சொல்லும் தொடர், அத்திபெலேயில் நம் வீட்டு வாசலைக் கடந்து போகும் தார்ச் சாலையாகவே கிடக்கிறது.

நம் தெருவில் குடியிருக்கும் இளைஞர் ஒருவர், தருமபுரிப் பக்கத்தவர், தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறவர், 2024-ஆம் ஆண்டு இறுதியில் ஒருநாள் நம்மிடம் வந்தார். “சார், இதே சாலையில் போய்க்கொண்டே இருந்தால் காஷ்மீர் வந்துவிடுமாமே? தீபாவளி போனஸை எடுத்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்குப் பனிமலையைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. காரிலேயே எல்லோரும் புறப்படலாம் என்றிருக்கிறோம். நீங்கள் போய் வந்தவர்தானே?” என்று கேட்டார். வீட்டில் மனைவியும், சிறு குழந்தைகள் இருவரும், இரத்த அழுத்தத்திற்கு மருந்துண்ணும் தாயாரும் உள்ளனர். இப்படியொரு குடும்பம் குளிர்காலத்தில் பனிமலைச் சாலைக்குப் புறப்படுவதென்றால், அதற்கு ‘ஆம்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ ஒரு சொல்லில் விடை கூறிவிட முடியாது. நாம் அதே ஆண்டு பிப்ரவரியில் அலுவலக நண்பர்களுடன் அங்குச் சென்று வந்தவர்கள். கண்டதையும், கேட்டதையும், பின்னர் நூல்களில் படித்தறிந்ததையும் சேர்த்து அவருக்குச் சொன்னோம். அவற்றையே இங்கு உங்களுக்கும் சொல்ல விழைகிறோம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிய சங்கடம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இது நெடுநாளைய சங்கடம். தமிழில் ‘பனி’ என்கிறோம். புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி. சாலையை மறைக்கும் புகை போன்றதும் பனி. வானிலிருந்து பஞ்சுபோல் உதிர்வதும் பனி. நீர் இறுகிக் கல்லானதும் பனி. வெப்ப நாட்டில் பிறந்த மொழிக்கு இவ்வளவே போதுமாயிருந்தது. பனிநாட்டிற்குச் செல்பவன் இவற்றைப் பிரித்தறிந்தே ஆக வேண்டும். உதிர்வதை வெண்பனி என்போம். தரையிலும் இலையிலும் இரவில் படியும் வெண்படலத்தை உறைபனி என்போம். இறுகிய நீரைப் பனிக்கட்டி என்போம். வெண்பனியின்மீது கால் புதையும். பனிக்கட்டியின்மீது கால் வழுக்கும். காஷ்மீர மக்கள் வெண்பனியை ‘ஷீன்’ என்பர். கூரை விளிம்பில் ஈட்டிபோல் தொங்கும் பனிக்கட்டிக்கு ‘ஷிஷர்காந்த்’ என்று தனிப்பெயர் வைத்திருக்கின்றனர்.

அவர்கள் குளிர்காலத்தையும் பெயரிட்டுப் பகுத்துள்ளனர். டிசம்பர் 21-ஆம் நாள் தொடங்கி நாற்பது நாட்கள் ‘சில்லை கலான்’, அதாவது பெருங்குளிர். அதன்பின் இருபது நாட்கள் ‘சில்லை குர்த்’, சிறு குளிர். இறுதிப் பத்து நாட்கள் ‘சில்லை பச்சா’, குழந்தைக் குளிர். இம்மூன்றும் சேர்ந்த எழுபது நாட்களே பனி காணச் செல்வோர் நாடும் காலம். ஆயினும் நாள் குறித்துச் சென்றால் பனி காத்திருக்கும் என்று எண்ணலாகாது. நம் வடகிழக்குப் பருவமழை வங்கக்கடலை நம்பியிருப்பது போலவே, காஷ்மீரத்துப் பனி மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து மேற்குத் திசையிலிருந்து வரும் காற்றழுத்தக் கலக்கங்களை நம்பியிருக்கிறது. அவை வராவிடில் பனியும் இல்லை. 2024 ஜனவரியில் அவ்வாறே நேர்ந்தது. பெருங்குளிரின் நாற்பது நாட்களுள் பெரும்பகுதி வறண்டே கழிந்து, குல்மார்க்கின் சரிவுகள் வெறும் பழுப்புப் புல்லாய்க் கிடந்தன. அம்மாத இறுதியில்தான் பனி இறங்கியது. நாம் பிப்ரவரியில் சென்றமையால் கண்டோம். ஜனவரியில் சென்றோர் பலர் காணாமலே திரும்பினர்.

இனிப் பாதையைப் பற்றிக் கூறுவோம். அத்திபெலேயிலிருந்து ஸ்ரீநகர் ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டர். அனந்தபூர், கர்நூல், ஐதராபாத், நாகபுரி, ஜான்சி, குவாலியர், ஆக்ரா, தில்லி, அம்பாலா, ஜாலந்தர், பதான்கோட், ஜம்மு என்று ஊர்கள் வரிசையாக வரும். நாமக்கல், கிருஷ்ணகிரிப் பக்கத்து லாரி ஓட்டுநர்கள் இத்தொலைவை ஓட்டிச் சென்று ஆப்பிள் ஏற்றி வருகிறார்கள். அத்திபெலே தேநீர்க் கடையில் அத்தகைய ஓட்டுநர் ஒருவருடன் நாம் உரையாடியதுண்டு. “ஜம்மு வரைக்கும் ஓட்டுவது உடம்பு வேலை சார், அதற்கு மேலே பொறுமை வேலை” என்றார் அவர். அவர் சொன்னதன் பொருளை ஜம்முவைத் தாண்டிய பின்னரே நாம் உணர்ந்தோம்.

குடும்பத்தோடு செல்வோர் ஜம்மு வரை ரயிலில் செல்வதே நலம். நாமும் அவ்வாறே சென்று, அங்கிருந்து உள்ளூர் ஓட்டுநரோடு வண்டி அமர்த்திக்கொண்டோம். ஜம்முவிலிருந்து வடக்கே செல்லும் மலைச்சாலையில் இரு பெரிய சுரங்கங்கள் உள்ளன. செனானிக்கும் நாஷ்ரிக்கும் இடையே ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுரங்கம் 2017-இல் திறக்கப்பட்டது. பனிகாலிலிருந்து காசிகுண்டிற்குச் செல்லும் எட்டரைக் கிலோமீட்டர்ச் சுரங்கம் 2021-இல் போக்குவரத்துக்கு வந்தது. அதற்கு முன் பள்ளத்தாக்கின் தலைவாயிலாக இருந்தது 1956-இல் திறக்கப்பட்ட ஜவாகர் சுரங்கம். இந்த இரு புதிய சுரங்கங்களுக்கும் நடுவே இராம்பன் நகரைச் சுற்றியுள்ள பகுதிதான் சோதனைக் களம். மலை அங்கே இளகிய மண்ணும் நொறுங்கும் பாறையும் கொண்டது. மழையோ பனியோ பெய்து நின்றால், நீர் பாறைப் பிளவுகளுட் புகுந்து, இரவில் உறைந்து விரிந்து, பகலில் உருகி, கற்களைப் பெயர்த்துத் தள்ளும். நாம் சென்றபோதும் சாலையில் கற்கள் சரிந்து கிடந்தன. முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கான வண்டிகள் நிற்க, ஏழு மணி நேரம் ஒரே இடத்தில் காத்திருந்தோம். உடன் வந்த நண்பர்கள் முதலில் சலித்துக்கொண்டனர். எதிரே இயந்திரங்கள் மண்ணை அகற்றிக்கொண்டிருக்க, ஒருவர் மேலே சரிவையே நோக்கி நின்று, கல் உருளும்போதெல்லாம் ஊதல் ஊதி மற்றவரை எச்சரித்துக்கொண்டிருந்தார். அதைக் கண்டபின் எவரும் சலித்துக்கொள்ளவில்லை.

சுரங்கத்தின் வடவாயிலை விட்டு வெளியேறிய அக்கணத்தை எளிதில் மறக்க இயலாது. உள்ளே நுழையும்போது பழுப்பு மலை. வெளியே வரும்போது வெள்ளை உலகம். வயல்களின் வரப்புகள் வெண்பனியின் கீழ் மெல்லிய கோடுகளாகத் தெரிந்தன. இலையுதிர்ந்த பாப்லர் மரங்கள் சாலையின் இருபுறமும் ஒல்லியாக நின்றன. வீட்டுக் கூரைகளிலிருந்து பனி வழுக்கித் தொப்பென்று விழும் ஓசையன்றி வேறு ஓசையில்லை. வெண்பனி காற்றைத் தன்னுள் அடக்கிய பஞ்சு போன்றது. ஆதலால் ஒலியை உறிஞ்சிக்கொள்கிறது. பனிநாட்டின் அந்த அமைதிக்குக் காரணம் இதுவே.

ஸ்ரீநகரில் தால் ஏரியைக் காண அதிகாலையில் சென்றோம். கரையோரம் மட்டும் கண்ணாடித் தகடுபோல் உறைந்திருந்தது. படகோட்டி துடுப்பால் அதைத் தட்டி உடைத்து வழி செய்துகொண்டு சென்றார். கடுங்குளிர் ஆண்டுகளில் ஏரியின் பெரும்பரப்பு உறைவதுண்டு. 2021 ஜனவரி 14-ஆம் நாள் ஸ்ரீநகரில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 8.4 டிகிரிக்கு இறங்கியது. முப்பது ஆண்டுகளில் காணாத குளிர் அது. அப்போது ஏரி உறைந்தது. அதன்மீது நடக்க வேண்டாமென்று அதிகாரிகள் மக்களை எச்சரித்தனர்.

ஏரி ஏன் மேலிருந்து உறைகிறது என்பதை அறிந்துகொண்டால், அந்த எச்சரிக்கையின் பொருளும் விளங்கும. பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கிக் கனமாகும். நீரும் நான்கு டிகிரி வரை அப்படியே. குளிர்ந்த மேல்நீர் கனத்து அடியில் இறங்க, அடிநீர் மேலே வரும். நீர் முழுதும் நான்கு டிகிரியை எய்திய பின் இம்முறை மாறிவிடுகிறது. மேலும் குளிரும் நீர் விரிந்து இலேசாகி மேலேயே தங்குகிறது; சுழியத்தை அடைந்ததும் உறைகிறது. பனிக்கட்டி நீரினும் இலேசானதாகையால் மிதக்கிறது. கீழுள்ள நீரைக் கம்பளம்போல் மூடிக் காக்கிறது. அதனாலன்றோ உறைந்த ஏரியின் அடியிலும் மீன்கள் உயிரோடிருக்கின்றன!

மீனுக்குக் காப்பாகும் அம்மூடியே மனிதனுக்குப் பொறியாகவும் கூடும். ஏரியின் பனிக்கட்டி எங்கும் ஒரே கனமுடையதன்று. ஓடைகள் வந்து கலக்குமிடத்தில், ஊற்றுள்ள இடத்தில், படகுவீடுகளின் அருகில், நீர்ச்செடிகள் அடர்ந்த இடத்தில் அது மெலிந்திருக்கும். மேலே வெண்பனி மூடியிருந்தால் அம்மெலிவு கண்ணுக்குத் தெரியாது. குளிர்நாட்டினர், தெளிந்த புதுப் பனிக்கட்டி குறைந்தது பத்து சென்டிமீட்டர் கனமிருந்தாலன்றி அதன்மேல் ஒருவர் நடக்கலாகாது என்பர். வெண்மையாய்க் கலங்கியிருந்தால் அதன் வலிமை பாதியே என்றும் கூறுவர். வந்த பிரயாணி அளவுகோலும் துளைப்பானும் கொண்டா வருகிறார்? 2025 ஜனவரியில் அருணாசலப் பிரதேசத்துச் சேலா ஏரியில் உறைபரப்பு உடைந்து சுற்றுலாப் பயணிகள் சிலர் நீருள் வீழ்ந்து, அரிதின் மீட்கப்பட்டனர். உறைந்த ஏரியைக் கரையில் நின்று காண்பதில் குறை ஒன்றுமில்லை. குழந்தைகளின் கையை மட்டும் விடலாகாது.

ஸ்ரீநகரிலிருந்து கிழக்கே சிந்து என்னும் சிற்றாற்றின் கரையோடு லடாக் நெடுஞ்சாலை செல்கிறது. (இச்சிந்து, பெருஞ்சிந்து நதியன்று, ஜீலத்தில் கலக்கும் வேறோர் ஆறு.) எண்பது கிலோமீட்டரில் சோனமார்க். நாம் சென்றபோது அதன் வாயிலிலுள்ள ககன்கீர் வரையிலேயே போக முடிந்தது. முதல்நாள் பனி பெய்திருந்தது. அன்று பளிச்சென்று வெயில். காட்சிக்கு அதனினும் நல்ல நாள் உண்டோ என்று நாம் எண்ணினோம். அங்கிருந்த காவலரோ வண்டியைத் திருப்பச் சொன்னார். நம் ஓட்டுநர்தான் காரணத்தை விளக்கினார். பழைய பனி வெயிலிலும் குளிரிலும் மாறி மாறிப் பட்டு மேற்புறம் வழவழப்பாக இறுகியிருக்கும். அதன்மேல் விழுந்த புதுப்பனி நன்றாக ஒட்டாது. வெயில் ஏறியதும் இளகிக் கனத்து, மலைச்சரிவே பெயர்ந்தாற்போல் இறங்கும். ஆகவே, பெரும்பனி பெய்து ஓய்ந்த முதல்நாள்தான் பனிச்சரிவுக்கு மிக அஞ்ச வேண்டிய நாள். கண்ணுக்கு இனிய நாளும் காலுக்குத் தகுந்த நாளும் வேறு வேறு என்று அன்று அறிந்து திரும்பினோம். அப்பகுதியைக் கடக்க ஆறரைக் கிலோமீட்டர் நீளமுள்ள சோனமார்க் சுரங்கம் 2025 ஜனவரி 13-ஆம் நாள் திறக்கப்பட்டது. முன்பு குளிர்காலத்தில் துண்டிக்கப்பட்டுக் கிடந்த சோனமார்க்கிற்கு, பாதை திறந்திருக்கும் நாட்களில் இப்போது செல்ல இயலும்.

சோனமார்க்கிற்கு அப்பால் ஜோஜி கணவாய், ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. இந்தக் கணவாய்க்கும் நம் பெங்களூருக்கும் ஓர் உறவு உண்டு. நம்மவர் பலர் அறியாதது. 1948-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் கணவாய் எதிரிகள் வசம் இருந்தது. காலாட்படை முயன்று இயலவில்லை. தளபதி திம்மய்யா, குடகு நாட்டவர், அவ்வுயரத்திற்கு டாங்கிகளைக் கொண்டு செல்லத் துணிந்தார். ஆனால் அங்கிருந்தது கோவேறு கழுதைகள் செல்லும் ஒற்றையடித் தடமே. அதை டாங்கி செல்லும் பாதையாக வெட்டிக் கொடுத்தவர்கள் மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையினர். அவர்களுடைய தலைமையிடம் இன்றும் பெங்களூரில் அல்சூர் ஏரிக்கருகில் உள்ளது. படையில் அவர்களுக்குச் செல்லப்பெயர் ‘தம்பி’. நவம்பர் 1-ஆம் நாள் ஏழாம் குதிரைப்படையின் டாங்கிகள் அப்பாதையில் ஏறிக் கணவாயைக் கடந்தன. பனி என்றால் மார்கழிப் பனி ஒன்றையே அறிந்து வளர்ந்த தென்னாட்டுத் தம்பியர் உறைகுளிரில் வெட்டிய அப்பாதையை எண்ணும்போது, ‘குளிர் நமக்கு ஆகாது’ என்று சொல்லிக்கொள்ளச் சற்று நாணமாகவே இருக்கிறது.

குளிர்காலத்தில் ஜோஜி கணவாய் மூடப்படும். முன்பெல்லாம் ஆறு மாதமளவும் மூடிக் கிடந்ததுண்டு. 1960-இல் அமைக்கப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பு இருபுறமிருந்தும் பனியை வெட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்திக்கிறது. 2025-இல் முப்பத்திரண்டு நாட்களிலேயே பாதை மீண்டும் திறக்கப்பட்டது. கணவாயின் அடியில் பதின்மூன்று கிலோமீட்டர் அளவில் ஒரு சுரங்கமும் குடையப்பட்டு வருகிறது. இவ்வேலைகளில் ஈடுபடும் கூலித் தொழிலாளர் பலர் காஷ்மீரத்தவரும் அல்லர், லடாக்கியரும் அல்லர். ஜார்க்கண்டின் தும்கா மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் வருபவர்கள் அவர்கள். நம்மைப்போலவே பிறந்த மண்ணை விட்டு வந்து, மொழி தெரியாத ஊரில், வீட்டுக்கு அனுப்பும் பணத்தை எண்ணிக்கொண்டு உழைக்கிறவர்கள். அயல்மாநிலத்தில் வாழும் நமக்கு அவர்களை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாதை மூடியிருக்கிறது என்னும் பலகையைக் காணும்போது, அதற்கு அப்பால் சிலர் மண்வாரியும் கையுமாக நிற்கின்றனர் என்று நினைத்துக்கொண்டால் நம் பொறுமைக்கு வழி பிறக்கும்.

கணவாய்க்கு அப்பால் திராஸ், கார்கில், 4,108 மீட்டர் உயரமுள்ள போட்டு கணவாய், அதன்பின் லே நகர். குளிர்காலத்தில் லேவுக்கு விமானத்தில் செல்வதே வழக்கம். அங்கிருந்து சாங் கணவாயைக் கடந்தால் பாங்காங் ஏரி. 130 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, 4,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் கிடக்கும் அவ்வேரியின் நீர் உவர்ப்புடையது. உப்பு, நீர் உறைவதைத் தாமதப்படுத்தும். ஆயினும் பாங்காங்கின் உப்பு கடலினும் குறைவு, குளிரோ மிக அதிகம். ஆகவே அது கல்லாக உறைகிறது. 2023 பிப்ரவரி 20-ஆம் நாள் அவ்வுறைபரப்பின்மீது முன்கூட்டியே வகுத்த தடத்தில் 21 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயமே நடந்தது. ஆனால் லே நகரமே 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. பெங்களூரோ 900 மீட்டருக்குச் சற்று மேல். அங்குக் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கேயாதலால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அவ்வளவே. விமானத்தில் இறங்கியவர் முதல் இரண்டு நாட்கள் அசையாது ஓய்வு கொள்ள வேண்டும். தலைவலியும் குமட்டலும் கண்டால் மேலே ஏறாது மருத்துவரை நாட வேண்டும். இருதய நோய், மூச்சுக் கோளாறு, இரத்த அழுத்தம் உடையோர் புறப்படுமுன்னரே மருத்துவரைக் கேட்டறிதல் வேண்டும். நண்பரின் தாயாருக்கு லடாக் வேண்டாம், காஷ்மீரப் பள்ளத்தாக்கு போதும் என்று நாம் கூறியதன் காரணம் இதுவே. அதற்கும் மருத்துவரின் சம்மதத்தைப் பெறச் சொன்னோம்.

வண்டி ஓட்டுவது பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீர்போன்ற நுண்படலம் ஒன்று எப்போதும் இருப்பதால் அது வழுக்குகிறது. சுழியத்திற்கு அருகே அப்படலம் தடிப்பாயிருக்கும். ஆகவே கடுங்குளிரைவிட, உருகியும் உருகாமலும் இருக்கும் வேளையே அபாயம் மிகுந்தது. தார்ச் சாலையின்மீது கண்ணாடிபோல் படிந்து, ஈரம்போலத் தோன்றும் பனிக்கட்டிதான் பலரை ஏமாற்றுகிறது. வெயில் படாத வளைவுகளிலும், அடியில் காற்று வீசும் பாலங்களின்மீதும் அது முதலில் தோன்றும். உள்ளூர் ஓட்டுநர்கள் சக்கரங்களுக்கு இரும்புச் சங்கிலி பூட்டுகின்றனர். குறைந்த கியரில் செல்கின்றனர். பிரேக்கைத் திடீரென்று மிதிப்பதேயில்லை. வெயில் ஏறியபின் புறப்பட்டு, மாலை மறையுமுன் தங்குமிடம் சேர்ந்துவிடுகின்றனர். ஓசூர்ச் சாலையில் இருபதாண்டு ஓட்டிய கையாயினும், பனிச்சாலையில் அது கற்றுக்குட்டியின் கையே.

உடையில் ஒரே கனத்த கம்பளியைவிட மெல்லியவை பலவாக அணிவது நன்று. இடையிற் சிக்கிய காற்றே வெப்பத்தைக் காக்கும். காஷ்மீரியர் ‘பெரன்’ என்னும் நீண்ட அங்கிக்குள் ‘காங்கடி’ என்னும் தணற்சட்டியை வைத்துக்கொள்வர். பழகியவர்க்கு அது தோழன். பழகாதவர் மூடிய அறையில் கரியடுப்பையோ எரிவாயு அடுப்பையோ எரியவிட்டு உறங்கலாகாது. காற்றோட்டமில்லா அறையில் எரியும் நெருப்பு, நிறமும் மணமும் இல்லாத நச்சுவாயுவை உண்டாக்கும். குளிருக்குப் பயந்து சாளரத்தை அடைத்தவர்கள் விழிக்காமலே போன செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன.

நம் நண்பர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். கார்ப் பிரயாண எண்ணத்தைக் கைவிட்டார். மருத்துவரிடம் தாயாரைக் காட்டினார். 2025 பிப்ரவரி இறுதியில் ஜம்மு வரை ரயிலில் சென்று, அங்கிருந்து உள்ளூர் ஓட்டுநரோடு ஸ்ரீநகர் சேர்ந்தார். திட்டத்தில் மூன்று நாட்களை வெறுமனே விட்டு வைக்குமாறு நாம் வற்புறுத்தியிருந்தோம். அந்நாட்கள் பயன்பட்டன. அவர்கள் சென்றபின் பெரும்பனி பெய்து பாதைகள் மூடப்பட்டன. தங்கிய வீட்டின் முற்றத்திலேயே பனி முழங்கால் அளவு நின்றது. பேரக் குழந்தைகளோடு அந்த அம்மையார் வாயிற்படியில் அமர்ந்து, ஒரு பிடி பனியைக் கையில் எடுத்து, அது கரைந்து விரலிடை வழியும் வரை பார்த்துக்கொண்டிருந்தாராம். பாதை திறந்ததும் சோனமார்க்கும் சென்று வந்தனர். “இருந்தாலும் சார், அம்மா சொல்லிக்கொண்டே இருப்பது அந்த வாசற்படிப் பனியைத்தான்” என்றார் நண்பர்.

2025 ஜூன் 6-ஆம் நாள் செனாப் ஆற்றின்மீது 359 மீட்டர் உயரத்தில் அமைந்த பாலத்தின் வழியே காஷ்மீர ரயில்பாதை முழுமை பெற்றுவிட்டது. கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு இப்போது ரயிலிலேயே செல்லலாம். இராம்பனில் கல் சரிந்தாலும் வழி அடைபடாது. ஆகவே, பனிமலை காண விழையும் நேயர்கள் அஞ்ச வேண்டியதில்லை, அவசரப்படவும் வேண்டியதில்லை. கையில் உபரியாக மூன்று நாட்கள், உடன் உள்ளூர் ஓட்டுநர் ஒருவர், ‘இன்று வேண்டாம்’ என்று எவரேனும் சொன்னால் கேட்டுக்கொள்ளும் மனம், இம்மூன்றும் இருந்தால் போதும்.

இன்றும் அத்திபெலேயின் தேநீர்க் கடையில் ஆப்பிள் ஏற்றிய லாரி ஒன்று வந்து நிற்கும்போது, அதன் சக்கரங்களை நாம் ஒருமுறை நோக்குகிறோம். அவை எங்கெங்கே காத்துக் கிடந்து இங்கே வந்து சேர்ந்தனவோ! ஓட்டுநர் தேநீரை அருந்திவிட்டுத் தெற்கே புறப்படுகிறார். நாமும் வேலைக்குப் புறப்படுகிறோம்.